வினைக்கு வால் முளைத்தால்: ஆங்கிலத்தின் அப், டவுன், அவுட், ஆஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்கால வேளையில் பத்துப் பதினைந்து பேருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். கல்லூரி முடித்த பிள்ளைகள், கடையில் கணக்கு எழுதுபவர்கள், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் நர்ஸுகள் என்று கலவையான கூட்டம். டென்ஸையும் ஆர்ட்டிகிளையும் எப்படியோ தாண்டிவிடுகிறார்கள். அப்புறம் எல்லோரும் வந்து ஒரே சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்: 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும், 'கிவ் அப்' தெரியாது. அது சம்பந்தமாகத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள். எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதில் பாதி இலக்கணம் இருக்கிறது.

ஃப்ரேசல் வெர்ப் என்றால் என்ன?

சின்ன வினைச்சொல் ஒன்று, அதற்குப் பின்னால் திசை காட்டும் குட்டிச்சொல் ஒன்று. கெட், கோ, கம், புட், டேக், டர்ன், லுக், பிரேக் போன்றவை முன்னால் நிற்கும். அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், ஓவர், பேக், அவே, த்ரூ போன்றவை பின்னால் ஒட்டும். இலக்கணத்தில் பின்னவற்றுக்குப் பார்ட்டிகிள் என்று பெயர். நான் வகுப்பில் 'வால்' என்பேன். சேட்டைக்காரப் பிள்ளையை வால் என்போமே, அந்த அர்த்தத்திலும் பொருந்துகிறது.

'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவியது. பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே சொல்லியிருக்கிறார். சங்கதி அதைவிடப் பழசு. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில், வினைக்குப் பின்னால் சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய கஷ்டம் என்று எழுதினார். ஆக, இதில் திணறுவது நாம் மட்டும் இல்லை.

தமிழில் இப்படி எதுவும் இல்லையே, அதனால்தான் வரமாட்டேன் என்கிறதா?

இருக்கிறது. நாம் வேறு பெயரில் தினமும் நூறு தடவை பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் வினைக்குப் பின்னால் திசைச்சொல்லை ஒட்டுகிறது. தமிழ் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறது. விடு, போடு, வை, கொள், கொடு, போ, தள்ளு என்று ஒரு கூட்டமே இருக்கிறது.

'எழுது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'எழுதி வை' என்றால் மறக்காமல் இருக்கக் குறித்துக்கொள்வது, அதாவது 'ரைட் டவுன்'. 'எழுதித் தள்ளுகிறான்' என்றால் நிறுத்தாமல் பக்கம் பக்கமாக எழுதுவது, அதாவது 'ரைட்டிங் அவே'. 'எழுதி வை'யில் யாரும் எதையும் எங்கும் தூக்கி வைக்கவில்லை. 'எழுதித் தள்ளு'வில் எதையும் பிடித்துத் தள்ளவும் இல்லை. ஆனாலும் நமக்குக் குழப்பம் வருவதில்லை. கிழித்துப்போடு, 'டேர் அப்'. தூங்கிப்போ, 'டோஸ் ஆஃப்'. பார்த்துக்கொள், 'லுக் ஆஃப்டர்'. விட்டுக்கொடு, 'கிவ் இன்'. கண்டுபிடி, 'ஃபைண்ட் அவுட்'; கண்டு, பிறகு பிடித்து.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'புட் ஆஃப்'. வேலையைப் பிறகு செய்யலாம் என்று விடுவதற்கு நாம் என்ன சொல்கிறோம்? தள்ளிப்போடு. 'புட்' என்றால் போடு. 'ஆஃப்' என்றால் தள்ளி. 'தள்ளி நில்' என்கிறோமே, அந்தத் தள்ளி. இரண்டு மொழியும் ஒரே படத்தைத்தான் வரைந்திருக்கின்றன, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில், அதுவரை பின்வரிசையில் வாயே திறக்காமல் இருந்த ஒருவர் "அப்போ 'புட் டவுன்' கீழே போடா சார்?" என்றார். ஆமாம். அதேதான்.

அதனால் என் முதல் யோசனை: வாலின் அகராதிப் பொருளைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் தமிழில் எந்தத் துணைவினை வந்திருக்கும் என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனால் 'அப்' என்றாலே மேலே என்று ஆரம்பித்து மாட்டிக்கொள்வதைவிட நூறு மடங்கு மேல்.

உண்மையிலேயே நகர்வதைச் சொல்லும்போது? 'கோ அப்', 'ரன் அவுட்' இதெல்லாம் எளிதுதானே?

புரிந்துகொள்ள எளிது, பேச வராது. காரணம் இருக்கிறது.

லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் மொழிகளை ஒரு கேள்வியால் பிரித்தார்: எந்தப் பக்கம் போகிறோம் என்பதை அந்த மொழி எங்கே வைக்கிறது? சில மொழிகள் வினைக்குள்ளேயே வைக்கும். சில மொழிகள் வினைக்கு வெளியே ஒரு துணைச்சொல்லில் வைக்கும். ஆங்கிலமும் ஜெர்மனும் இரண்டாவது வகை. முதல் வகையில் ஸ்பானிஷ், ஜப்பானியம் இவற்றோடு தமிழின் பெயரையும் டால்மி சேர்த்திருக்கிறார்.

ஏறு, இறங்கு, நுழை, கட, திரும்பு: நம் வினைகளிலேயே திசை உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கோ அப், கோ டவுன், கோ இன், கோ அக்ராஸ், கோ பேக் என்று ஒரே 'கோ'வுக்கு வாலை மட்டும் மாற்றுகிறார்கள். திசையை வால் பார்த்துக்கொள்வதால் வினைக்கு வேலை இல்லை. அந்த காலி இடத்தில் எப்படிப் போனான் என்பதை வைத்துவிடலாம். 'ஷீ வேவ்ட் மீ இன்' என்று நாலு சொல்லில் முடிக்கிறார்கள். தமிழில் 'கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னாள்'. கை காட்டுவதே அங்கே முதன்மை வினை, 'வரச் சொன்னாள்' என்ற பகுதி முழுவதும் 'இன்' என்ற ஒற்றை வாலில் அடங்கிவிட்டது. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தாமல் அனுப்பினால் 'ஹி வேவ்ட் தி கார் த்ரூ'. இந்த மாதிரி வாக்கியம் தமிழ் வாயில் தானாக வராது. நாம் 'எண்டர்', 'அசெண்ட்', 'ரிட்டர்ன்' என்று திசை உள்ளே இருக்கும் சொற்களைத் தேடி ஓடுவோம். தப்பில்லை, ஆனால் வீட்டுக்குள் வரும் ஆளைப் பார்த்து 'ப்ளீஸ் எண்டர்' என்றால் நாடக வசனம் மாதிரி இருக்கும். 'கம் இன்' போதும்.

இந்த வேறுபாட்டுக்குச் சாட்சி உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. 'டவுன்லோடு', 'அப்லோடு' இரண்டையும் தமிழாக்கியவர்கள் பதிவிறக்கு, பதிவேற்று என்றார்கள். டவுனும் அப்பும் இறக்கு, ஏற்று என்று வினையாகிவிட்டன. 'லாக் அவுட்' வெளியேறு ஆனது. திசையை வினைக்குள் கொண்டுபோய் வைத்தால்தான் தமிழுக்கு நிம்மதி.

பஸ்ஸுக்கு 'கெட் ஆன்', காருக்கு 'கெட் இன்'. ஏன்? நமக்கு இரண்டுமே ஏறுவதுதானே?

உள்ளே நின்று நடக்க முடிந்தால் ஆன். பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் ஆன். இறங்கும்போது 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காரத்தான் முடியும் என்றால் இன். கார், ஆட்டோ, டாக்ஸி. இறங்கும்போது 'கெட் அவுட்'. காலை இரண்டு பக்கம் போட்டு உட்காரும் சைக்கிள், பைக், குதிரை மறுபடியும் ஆன். வெளிநாட்டு விருந்தினரிடம் காரை விட்டு இறங்கச் சொல்லும்போது 'கெட் அவுட்' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'யூ கேன் கெட் அவுட் ஹியர்' என்றால் கோபம் தெரியாது.

'அப்' என்றால் மேலே. சரி. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இதில் என்ன மேலே போகிறது?

குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து விளிம்பைத் தொட்டால் முடிந்தது. 'ஃபில் அப்'. மேலே போவதும் முழுமையாவதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அந்த 'முழுக்க' என்ற பொருளை 'அப்' தன்னோடு எடுத்துக்கொண்டு வேறு வினைகளுக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். 'ஈட் யுவர் ரைஸ்' என்றால் சோறு சாப்பிடு. 'ஈட் அப் யுவர் ரைஸ்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. நம் 'விடு' செய்யும் வேலை.

'அப்'புக்கு இன்னும் முகங்கள் உண்டு. கிட்டே வருவது: 'ஹி கேம் அப் டு மீ', மேட்டில் ஏறவில்லை, பக்கத்தில் வந்தான். அதிகமாவது: 'டர்ன் அப் தி வால்யூம்'. தோன்றுவது: 'ஹி டர்ன்ட் அப் லேட்', தாமதமாக வந்து சேர்ந்தான். 'கிவ் அப்' என்பதற்குப் பழைய பொருள் கோட்டையையோ ஊரையோ எதிரியிடம் ஒப்படைப்பது. முயற்சியையோ சிகரெட்டையோ கைவிடுவது அதன் பேரப்பிள்ளை. 'கைவிடு'விலும் கையில் இருந்ததை விடுகிறோம் பாருங்கள்.

வகுப்பில் சிரிப்பு வரும் ஜோடி ஒன்று: வீடு எரிந்தால் 'பர்ன்ட் டவுன்', காகிதம் எரிந்தால் 'பர்ன்ட் அப்'. ஒன்று மேலே, ஒன்று கீழே, கடைசியில் மிஞ்சுவது சாம்பல். வீடு சரிந்து தரைமட்டமாகிறது, அதனால் டவுன். காகிதம் இல்லாமலே போய்விடுகிறது, அதனால் அப். படிவம் பூர்த்தி செய்வதிலும் இந்தக் கூத்து உண்டு. 'ஃபில் இன்', 'ஃபில் அவுட்' இரண்டும் சரி, இரண்டும் ஒன்றே.

'தி ஸ்டார்ஸ் ஆர் அவுட்' என்றால் நட்சத்திரம் தெரிகிறது. 'தி லைட்ஸ் ஆர் அவுட்' என்றால் விளக்கு இல்லை. ஒரே அவுட் எப்படி இரண்டும் ஆகும்?

நல்ல கேள்வி. அவுட் என்றால் ஓர் எல்லையைத் தாண்டி வெளியே போவது. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் விஷயம். வெளியே நின்றால், உள்ளிருந்து வரும் பொருள் உங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. நட்சத்திரம் வெளியே வந்தது, ரகசியம் வெளியே வந்தது, ரிசல்ட் வெளியே வந்தது. 'ரிசல்ட்ஸ் ஆர் அவுட்'. உள்ளே நின்றால், அதே பொருள் உங்களை விட்டுப் போகிறது. விளக்கு அணைந்தது, அரிசி தீர்ந்தது: 'வி ஆர் அவுட் ஆஃப் ரைஸ்'.

தமிழுக்கு இது புதிதில்லை. 'வெளியாயிற்று' என்றால் தெரியவந்தது. 'வெளியே போயிற்று' என்றால் இல்லாமல் ஆயிற்று. தெரியவரும் பக்கம்தான் 'ஃபைண்ட் அவுட்', 'பாயிண்ட் அவுட்', 'வொர்க் அவுட்'. இல்லாமல் போகும் பக்கம் 'ரன் அவுட்', 'டை அவுட்', 'செல் அவுட்', நெருப்பை அணைக்கும் 'புட் அவுட்'.

அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்ததா, நின்றதா?

அடித்தது. தமிழர்கள் தடுக்கி விழும் இடங்களில் இதற்கு முதல் பரிசு கொடுக்கலாம்.

ஒரு நாள் காலை வகுப்பு வைத்திருந்தேன். அரை மணி நேரம் தாமதமாக வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே 'மை அலாரம் வென்ட் ஆஃப், சோ ஐ ஓவர்ஸ்லெப்ட்' என்றார். அலாரம் ஆஃப் ஆகிவிட்டது, அதனால் தூங்கிவிட்டேன் என்பது அவர் நினைப்பு. ஆங்கிலக்காரர் காதில் அது 'அலாரம் அடித்தது, அதனால்தான் அதிக நேரம் தூங்கினேன்' என்று விழும். அவர் சொல்லியிருக்க வேண்டியது 'மை அலாரம் டிடின்ட் கோ ஆஃப்'.

'ஆஃப்' என்றால் ஒட்டியிருந்த இடத்தை விட்டு விலகுவது. பட்டன் சட்டையை விட்டுப் போவது 'கேம் ஆஃப்', விமானம் தரையை விடுவது 'டேக் ஆஃப்', பயணம் கிளம்புவது 'செட் ஆஃப்'. அலாரமும் வெடியும் அதுவரை கட்டிப்போட்ட மாதிரி சும்மா இருந்தன. கட்டு விட்டதும் கிளம்பிவிட்டன. பாம் 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது. பிரிட்டனில் பால் 'வென்ட் ஆஃப்' என்றால் திரிந்துவிட்டது, நல்ல நிலையை விட்டு விலகிவிட்டது. விளக்கு 'வென்ட் ஆஃப்' என்றால் மட்டும் நாம் நினைக்கும் அணைதல். அதனால் 'தி அலாரம் வென்ட் ஆஃப், சோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்' என்பது சரியான வாக்கியம். அடித்தது, அணைத்தேன்.

'டர்ன் ஆஃப் தி ஃபேன்' சரியா, 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' சரியா?

இரண்டும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் 'இட்' போட்டால் ஒரே வழிதான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. இட், ஹிம், ஹர், தெம் எல்லாவற்றுக்கும் இதே விதி: 'பிக் ஹிம் அப்', 'த்ரோ தெம் அவே'. ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட பொருளுக்குக் கடைசி இடத்தின் கனம் தேவையில்லை, நடுவில் செருகிவிடுகிறார்கள். தலைகீழாக, பொருள் நீளமாக இருந்தால் வாலை வினையோடே வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மாடி ஃபேன் என்று முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'ஆஃப்' போட்டால் கேட்பவர் அதற்குள் எழுந்துபோய்விடுவார்.

பிரியாத கூட்டணியும் உண்டு. 'லுக் ஆஃப்டர் ஹர்', 'லுக் இன்டு இட்', 'ரன் இன்டு ஹிம்'. இவற்றில் 'லுக் ஹர் ஆஃப்டர்' என்று சொல்ல முடியாது.

எது பிரியும், எது பிரியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காதால். இரண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: 'ஹி ரேன் அப் தி ஹில்', 'ஹி ரேன் அப் எ பில்'. முதலாவது மலை மேல் ஓடினான். இரண்டாவது கடையில் கடனை ஏற்றிக்கொண்டே போனான். பில்லை 'இட்' ஆக்கினால் 'ரேன் இட் அப்'. மலையை 'இட்' ஆக்கினால் 'ரேன் அப் இட்'. மலை வாக்கியத்தில் அப் என்பது மலையைச் சேர்ந்த வேற்றுமை உருபு மாதிரி. பில் வாக்கியத்தில் அது வினையின் வால். வாலாக இருந்தால் அழுத்தம் அதன் மேல் விழும்: 'பிக் இட் *அப்*', 'டர்ன் இட் *ஆஃப்*'. 'லுக் அட் இட்' என்பதில் அழுத்தம் 'லுக்'கில், 'அட்' முணுமுணுப்பாகக் கடந்துவிடும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னது இதற்குத்தான்.

'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று எல்லோரும் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். 'மீட்டிங் யூ' என்று வரவேண்டும். இங்கே 'டு' வினையோடு சேர்ந்த 'டு' இல்லை. 'லுக் ஃபார்வர்டு டு' மூன்றும் ஒரே கட்டு, அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ, பெயராக நிற்கும் 'இங்' வடிவமோதான் வரும். 'லுக்கிங் ஃபார்வர்டு டு தி ஹாலிடேஸ்' என்று சொல்ல முடிகிறதா? அப்படியானால் வினை வந்தாலும் 'இங்'.

நாம் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்கிறோமே, அது தமிழா ஆங்கிலமா?

தமிழ்தான், கெட்டிக்காரத் தமிழ். 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' என்பவற்றில் வினையைக் கழற்றி எறிந்துவிட்டு வாலை மட்டும் எடுத்துக்கொண்டோம். பொருள் வாலில்தான் இருக்கிறது என்று எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லாமலே நம் ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு நம் பங்குக்கு 'பண்ணு', 'ஆகு' ஒட்டிக்கொண்டோம். ஆன் பண்ணு, ஆஃப் ஆயிடுச்சு, அவுட் ஆயிட்டான், ஓவராப் பண்றான். அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும்போதுதான் 'ஆஃப் தி லைட்' என்று வந்துவிடுகிறது. கழற்றி எறிந்த 'டர்ன்' அங்கே திரும்பி வர வேண்டும். 'மூட் அவுட்' முழுக்க நம் ஊர்த் தயாரிப்பு, ஆங்கிலக்காரருக்குப் புரியாது.

முழுசாக எடுத்துக்கொண்டவையும் உண்டு: செக்கப், லாக்கப், மேக்கப், பிரேக்டவுன். இவை எல்லாம் பெயர்ச்சொற்களாக வந்தவை. ஆங்கிலத்திலும் பெயராகும்போது அழுத்தம் முன்னால் நகரும், எழுத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் அல்லது நடுவில் சிறு கோடு வரும். 'லாக் இன்' வினை என்றால் இரண்டு சொல், 'லாகின்' பெயர் என்றால் ஒரே சொல். 'பிக்கப்' நம்மிடம் வந்து வேறு வாழ்க்கை வாழ்கிறது: ஸ்டேஷனில் ஆளைப் பிக்கப் பண்ணுகிறோம், வண்டியில் பிக்கப் இல்லை என்கிறோம், முதல் வாரம் படுத்த படம் இரண்டாவது வாரம் பிக்கப் ஆகிறது. மூன்றுக்குமே ஆங்கிலத்தில் ஆதாரம் உண்டு.

'பேக்கப்' என்ற சொல்லைக் கவனியுங்கள். படப்பிடிப்பில் 'பேக்கப்!' என்று கத்தினால் சாமானைக் கட்டு, கிளம்பு என்று அர்த்தம். அலுவலகத்தில் 'பேக்கப் எடுத்தியா?' என்றால் ஃபைலுக்கு நகல் வைத்தாயா என்று அர்த்தம். முதலாவது மூட்டை கட்டும் பேக், இரண்டாவது முதுகுப் பேக். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, ஆனாலும் யாரும் குழம்புவதில்லை.

எனக்கு ஆச்சரியம் தருவது 'வெளிநடப்பு'. சட்டமன்றச் செய்திகளில் தினசரி பார்க்கும் சொல். 'வாக் அவுட்' என்பதை அப்படியே பிரித்து, அவுட்டுக்கு வெளி, வாக்குக்கு நடப்பு என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வழக்கமான தமிழ் 'வெளியேறினர்' என்றுதான் சொல்லும். வெறும் வெளியேற்றத்தில் எதிர்ப்பு தெரியாது என்பதால்தானோ என்னவோ, இந்த ஒரு சொல்லுக்கு ஆங்கிலக் கட்டுமானத்தையே கடன் வாங்கிக்கொண்டோம். ஐந்நூறு ரூபாய்க் கடன் மாதிரி இல்லாமல், உருப்படியான கடன்.

தேவையில்லாத இடத்தில் வால் ஒட்டுகிறோமா?

தாராளமாக. 'கோப் அப் வித்' என்று ஒன்று இல்லை. 'கோப் வித்' மட்டும்தான். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' இரண்டும் பழகிப்போனதால் 'கோப்'புக்கும் ஓர் அப் வைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 'ரிட்டர்ன் பேக்', 'ரிவர்ட் பேக்' இரண்டிலும் திரும்புதல் வினைக்குள்ளேயே இருக்கிறது, பேக் வேண்டாம். 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும்.

'பாஸ் அவுட்' தனிக் கதை. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் நம் ஊரில் பட்டம் வாங்கினேன் என்று எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ மயங்கி விழுந்ததாக நினைப்பார். நம் பழக்கத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ராணுவப் பயிற்சி முடிப்பதற்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் 'பாஸ் அவுட்' உண்டு. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் நடக்கும் நிறைவு அணிவகுப்புக்குப் பெயரே 'பாசிங் அவுட் பரேடு'. கல்லூரிக்கு 'கிராஜுவேட்டட்' என்றே சொல்லிவிடுங்கள், வம்பில்லை.

அலுவலகக் கடிதத்தில் இவற்றை எழுதலாமா?

சக ஊழியருக்கு எழுதும் மின்னஞ்சலில் தாராளமாக எழுதலாம். 'வில் லுக் இன்டு இட்' என்பது 'வில் இன்வெஸ்டிகேட்' என்பதைவிட மனுஷத்தனமாக இருக்கிறது. ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை, விண்ணப்பம் என்றால் ஒற்றைச்சொல்லுக்குப் போங்கள்: 'புட் ஆஃப்' போய் 'போஸ்ட்போன்', 'புட் அப் வித்' போய் 'டாலரேட்'. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் உட்கார்ந்துகொண்டன. அடுக்களையிலும் வயலிலும் பழைய ஆங்கிலம் தங்கிவிட்டது. ஒற்றைச்சொல் மேட்டிலும் வால் ஒட்டிய வினை பள்ளத்திலுமாக அந்த மேடு பள்ளம் இன்னும் சரியாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால் 'போஸ்ட்போன்' போன்ற அந்த லத்தீன் சொற்களுக்குள்ளும் திசைச்சொல் ஒளிந்திருக்கிறது, வாலாக இல்லாமல் தலையாக. 'போஸ்ட்' என்றால் பின், 'போன்' என்பதன் மூலம் போடு, வை என்ற லத்தீன் வினை. பின்னால் போடு. அதை உடைத்துப் பார்த்துத்தான் இந்தியர்கள் 'ப்ரீபோன்' என்று முன்னால் போட்டார்கள். நமக்கும் இதே இரண்டு தட்டு உண்டு. வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவோம். நீதிமன்றத்தில் வழக்கு ஒத்திவைக்கப்படும்.

வாக்கியத்தைத் திசைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று பள்ளியில் சொன்னார்களே?

சொன்னார்கள். மறந்துவிடுங்கள். சர்ச்சில் இந்த விதியைக் கிண்டல் செய்து 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்று எழுதினார் என ஒரு கதை உலவுகிறது. அவர் எழுதியதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. யார் எழுதியிருந்தாலும், வாலை இழுத்து முன்னால் வைத்தால் மாடு எப்படி நடக்கும் என்று காட்டிவிட்டார்கள்.

மொத்தம் எத்தனை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, செய்யாதீர்கள். 2007இல் கார்ட்னர், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்களஞ்சியத்தை, அதாவது நிஜ எழுத்தையும் பேச்சையும் திரட்டி வைத்திருக்கும் தொகுப்பை, அலசினார்கள். வெறும் 20 வினைகளும் 8 வால்களும் சேரும் சேர்க்கைகளே அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதியை எட்டிவிடுகின்றன. அதிகம் வருவது 'கோ ஆன்', அதற்குப் பின்னால் 'கேரி அவுட்', 'செட் அப்', 'பிக் அப்'. கெட்ட செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது: அதிகம் வரும் 100 சேர்க்கைகளுக்கு மொத்தம் 559 பொருள்கள்.

அதனால் 'கெட்' கீழே இருபது, 'டேக்' கீழே இருபது என்று பட்டியல் போட்டுப் படிப்பது வீண். நான் என்ன செய்யச் சொல்வேன் என்றால், ஒரு வாரத்துக்கு ஒரு வால். இந்த வாரம் 'ஆஃப்' என்றால், கண்ணில் படும் 'ஆஃப்' வாக்கியத்தை எல்லாம் முழு வாக்கியமாக நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழ்த் துணைவினையோடு ஒரு வரி. வகுப்பில் ஒரு நர்ஸ் வைத்திருக்கும் நோட்டில் 'தி ஸ்வெல்லிங் ஹாஸ் கான் டவுன்' என்பதற்குப் பக்கத்தில் 'வீக்கம் வடிஞ்சிருச்சு' என்று இருந்தது. 'கீழே போனது' என்று எழுதவில்லை. பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன், திருத்த ஒன்றும் இல்லை.

ஊருக்குப் போவதற்கும் அப், டவுன் உண்டாமே?

உண்டு. இங்கிலாந்தில் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் லண்டனுக்கு 'கோ அப்' என்பது பழைய வழக்கம், மேட்டில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் 'கோ அப்'தான். தப்புச் செய்து வெளியேற்றப்பட்டால் 'சென்ட் டவுன்'. பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டன் பக்கம் போகும் தடம் அப், அங்கிருந்து விலகும் தடம் டவுன். அந்த ரயில்வேயோடு சொற்களும் இங்கே வந்து இறங்கின. லண்டன் இல்லாத ஊரிலும் நம் ரயில்வேக்காரர்கள் இன்றுவரை அப் லைன், டவுன் லைன் என்றுதான் சொல்கிறார்கள்.